நெருப்புக்கு மேலே நீண்ட கை

மேசையின் நடுவில் கரி கனன்றுகொண்டிருந்தது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் மேலாளர் துரைசாமியின் பெருத்த உடம்பு. இடையில் அகப்பட்டு உட்கார்ந்திருந்தாள் வனஜா. அவர் எழுந்தால்தான் அவள் எழ முடியும். அவரோ எழுகிற மாதிரி இல்லை.

துறைமுகத்தை ஒட்டிய கிடர்பூரில் கப்பல் சரக்கு ஏஜென்சி ஒன்றில் அவளுக்கு வேலை. கொரியாவிலிருந்து வந்திருக்கும் திருமதி ஹான் மனம் வைத்தால் ஒரு பெரிய கம்பெனியின் சரக்கு இவர்கள் கைக்கு வரும். அதற்காகத்தான் அலிப்பூரில், மேசையிலேயே கறி சுட்டுச் சாப்பிடும் கொரிய உணவகத்தில் இந்த விருந்து.

வனஜா மீனும் கறியும் சாப்பிடுகிறவள்தான். ஆனால் கணவர் சுந்தரத்துக்கு நெஞ்சில் ஆபரேஷன் நடந்த அன்று, அவர் எழுந்து பழையபடி வேலைக்குப் போகும்வரை கவிச்சி தொடுவதில்லை என்று முருகனிடம் நேர்ந்துகொண்டாள். அவர் இன்னும் வீட்டுக்குள்தான் மெல்ல நடக்கிறார்.

வரும்போது காரிலேயே துரைசாமியிடம் சொல்லிப் பார்த்தாள். "சார், எனக்கு விரதம்."

"போன பூஜா பண்டிகைக்கு ஆபீசுக்கு டப்பா நிறைய மீன் வறுவல் கொண்டுவந்தது யாரு, உங்க முருகனா? அந்தம்மா முன்னாடி விரதம் கிரதம்னு ஆரம்பிச்சிடாதீங்க. மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கும்."

வனஜாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. நம் வீட்டு விருந்தில் பரிமாறுகிறவளை யாரும் சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதில்லையே! இடுக்கியையும் கறி நறுக்கும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டாள். பன்றிக்கறியைப் புரட்டினாள், நறுக்கினாள், இருவர் தட்டிலும் வைத்தாள். புகை கண்ணைக் கரித்தது. பரவாயில்லை, தப்பித்தோம் என்றிருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த திருமதி ஹான் ஒரு கீரை இலையை உள்ளங்கையில் விரித்தார். சுட்ட கறி, பூண்டு, காரவிழுது எல்லாம் வைத்துச் சுருட்டி, நெருப்புக்கு மேலாக வனஜாவின் வாயருகே நீட்டினார்.

"எங்க ஊர்ல சுடறவங்களுக்கு நாங்க ஊட்டி விடுவோம்," என்றார் ஆங்கிலத்தில். "அவங்களுக்குக் கை ஒழியாது, பாவம்."

துரைசாமி சிரித்த முகம் மாறாமல் தமிழில் முணுமுணுத்தார். "வாயைத் திறங்க வனஜாம்மா. ஒரே ஒரு வாய். முருகன் கோவிச்சுக்க மாட்டார்."

முருகன் மன்னிப்பான். ஆனால் வீட்டுக்குப் போனதும் "சாப்பிட்டியா?" என்று சுந்தரம் கேட்பாரே, அந்த முகத்தை எப்படிப் பார்ப்பது? இடுக்கியைக் கீழே வைத்தாள்.

"மன்னிக்கணும் மேடம். என் கணவர் குணமாகணும்னு கறி சாப்பிடாம இருக்கேன். உங்க அன்பைத் தள்ளறேன்னு நினைக்காதீங்க."

நீட்டிய கை ஒரு கணம் அப்படியே நின்றது. துரைசாமி கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

திருமதி ஹான் அந்தக் கவளத்தைத் தம் வாயிலேயே போட்டுக்கொண்டார். மென்று முடித்து, ஈரத்துணியில் விரல்களைத் துடைத்து, பணியாளரிடம் புது இலையும் வெறும் சோறும் வெள்ளரித் துண்டும் கேட்டு வாங்கினார்.

"அவர் பேர் என்ன?"

"சுந்தரம்."

"சுன்... தா... ராம்," என்று வேண்டுதல்போலச் சொல்லிக்கொண்டே சோற்றை இலையில் சுருட்டி ஊட்டினார். தெய்வம் எந்த ஊர்க் கையை எப்போது கடன் வாங்கும் என்று நமக்கென்ன தெரியும்? வாய் நிறைந்திருந்ததால் வனஜாவால் நன்றிகூடச் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

பிறகு அந்த அம்மா இடுக்கியை எடுத்து துரைசாமியிடம் கொடுத்தார். "இப்ப நீங்க."

வீட்டில் ஒரு தோசைகூடத் திருப்பியறியாத மனிதர். முதல் துண்டே கருகிப்போனது. திருமதி ஹான் முகம் சுளிக்கவில்லை. அவருக்கும் ஊட்டுவதற்காக இன்னோர் இலையைக் கையில் விரித்தார்.