மூன்றடி இறங்கிய மட்டக் கல்

மேஸ்திரியின் மனைவி இரண்டு வருஷமாகக் கோர்ட்டுக்கு நடையாய் நடந்தாள். தெருவுக்கு மேற்கே உள்ள பள்ளத்தில் நானூறு வீடு கட்ட ஒரு கம்பெனி அனுமதி வாங்கியிருந்தது. மழைத்தண்ணீர் தேங்கும் பள்ளத்தை மூடினால் அது வேறெங்கே போகும்? நேரே இவர்கள் வீட்டுக்குள்தான். இன்று தடை கிடைக்காவிட்டால் நாளைக் காலை அஸ்திவாரம்.

கம்பெனி இன்ஜினியர் கூண்டில் ஏறினார். மனுஷனுக்குச் சட்டையும் கசங்கவில்லை, குரலும் கசங்கவில்லை.

"போன வெள்ளத்துக்கு அரசாங்கம் குறிச்சு வச்ச மட்டத்தைவிட இந்த இடம் ரெண்டடி உயரங்க ஐயா. பருவநிலை மாறி மழை கூடினாலும் தண்ணி ஏறாது. பாலத்துல இருக்கற அரசாங்க மட்டக் கல்லுலேர்ந்துதான் அளந்திருக்கோம். கடல் மட்டத்துலேர்ந்து அது எவ்வளவு உயரம்னு கல்லுலயே வெட்டியிருக்கு."

திரையில் அந்தக் கல்லின் படம் வந்தது. மனைவியின் பக்கத்தில் இருந்த மேஸ்திரி பெஞ்சின் நுனிக்கு நகர்ந்து உற்றுப் பார்த்தார். வெள்ளத்தில் உடைந்த பாலத்தைத் திரும்பக் கட்டியது அவர்தான். இடிபாட்டில் கிடந்த கல்லைக் கழுவித் துடைத்து, பெருமையாகப் பதித்ததும் அவர்தான்.

தொழிலில் அவரை ஒரு குறை சொன்னவர் கிடையாது. இப்போது வாயைத் திறந்தால் ஊரே சிரிக்கும். மனைவியைப் பார்த்தார். அவள் முகம் செத்துக் கிடந்தது. அவ்வளவுதான், எழுந்துவிட்டார்.

"ஐயா! அந்தக் கல்லை நான்தான் வச்சேன். தப்பா வச்சுட்டேன்!"

கோர்ட்டே திரும்பியது. நீதிபதி அவரைக் கூண்டுக்கு வரச் சொன்னார்.

"பழைய பாலத்துல எங்க இருந்துச்சு?"

"சுவர் உச்சியிலங்க. அங்க புதுசா கைப்பிடிக் கம்பி போட்டாங்க, இடமில்ல. எல்லார் கண்ணுக்கும் படட்டும்னு மூணடி கீழே வச்சேன். சும்மா பேரு வெட்டின கல்லுன்னு நெனச்சேங்க!"

இவர்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். "மூணடி இறங்கின கல்லுலேர்ந்து அளந்திருக்காங்க, ஐயா. அப்போ அந்த இடம் ரெண்டடி உயரமில்ல, ஒரு அடி பள்ளம். பழைய வெள்ளத்துக்கே முழுகும், வரப்போற மழைக்குக் கேட்கவே வேணாம்!"

இன்ஜினியர் கைக்குட்டையைத் தேடினார். நீதிபதி பாலத்தின் பழைய வரைபடத்தை வரவழைத்துப் பார்த்தார். கல் உச்சியில்தான் இருந்தது. புதிதாக அளந்து முடிக்கும்வரை ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது என்று தடை போட்டார்.

வெளியே தெருவே கூடிக் கூச்சல் போட்டது. மேஸ்திரிக்குக் கால் தரையில் பாவவில்லை. மனைவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண்ணில் நீர், வாயெல்லாம் சிரிப்பு.

"ஏங்க, உங்க வேலையில குத்தமே இருக்காதுன்னு நம்பி, ரெண்டு வருஷமா ஆதாரத்தை ஊரெல்லாம் தேடியிருக்கேன் பாருங்க!"