குறட்டை நின்ற நேரம்

ஃபிரிட்ஜ் மெக்கானிக் காதை நம்பித் தொழில் செய்கிறவர். கம்ப்ரஸர் கடகடத்தால் கோளாறு, சத்தம் அடங்கினால் சரியாகிவிட்டது. இருபது வருஷமாக அப்படித்தான் பிழைப்பு ஓடுகிறது.

ஐந்து வயது மகள் குருவியின் குறட்டையையும் அவர் அப்படியே சரிசெய்தார். ஒருக்களித்துப் படுத்திருப்பவளை மல்லாக்கப் புரட்டிவிடுவார். கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றுவிடும். அவரும் திரும்பிப் படுத்துத் தூங்கிவிடுவார்.

வகுப்பில் பிள்ளை தூங்கி விழுகிறது என்று டீச்சர் சொன்னதால், மனைவி டாக்டரிடம் காட்டினாள். தொண்டைச் சதை வீங்கி மூச்சை அடைக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர்.

"குறட்டைக்கு ஆபரேஷனா? நாளைக்கு விக்கலுக்கும் கத்தியைத் தூக்குவான்!" என்று மெக்கானிக் குதித்தார்.

அன்று பள்ளிக்கூடம் லீவு. மதியம் கடையிலேயே, பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் குருவி தூங்கினாள். கூட வேலை செய்யும் மச்சினன் சிரித்தான்.

"மாமா, இந்த மிஷினை எப்ப ரிப்பேர் பண்ணப் போறீங்க?"

"இரு, காட்டுறேன்." மகளை மல்லாக்கத் திருப்பினார். குறட்டை நின்றது. "பாத்தியா மாப்ள? இதுக்குப் போய் கத்தியாம்!"

மச்சினன் முகம் மாறியது. "மாமா... பிள்ளைக்கு வயிறு ஏன் இப்படித் துடிக்குது?"

வீட்டில் இருட்டில் சத்தத்தை மட்டும் கேட்டவர், இப்போதுதான் வெளிச்சத்தில் பார்த்தார். வயிறு ஏறி இறங்கியது, நெஞ்சு குழி விழுந்தது. மூக்கடியில் விரலை வைத்தார். காற்றே இல்லை. உதடு நீலம் பாரித்தது.

"குருவி! ஏய் குருவி!" வாரித் தூக்கி உலுக்கினார். தலை தொங்கியது. மறுபடி உலுக்கினார். விக்கலெடுத்தது போல ஒரு மூச்சை இழுத்தாள். பிறகு இன்னொன்று.

"என்னப்பா?" என்று கண்ணைத் திறந்தாள்.

அவர் மகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எத்தனை ராத்திரி? தன் கையாலேயே புரட்டிவிட்டு, முதுகைக் காட்டித் தூங்கியது எத்தனை ராத்திரி?

மனைவிக்குப் போன் போட்டார். "அந்த டாக்டரு எப்ப இருப்பாரு?"

"சாயந்திரம் ஆறு மணிக்கு. நீங்கதானே வேணாம்னு குதிச்சீங்க?"

"திட்டுறத அப்புறம் திட்டு. பெரியாஸ்பத்திரிக்கு ஓடிவா. இப்பவே."

மச்சினன் வண்டியை எடுக்க ஓடினான். குருவி கொட்டாவி விட்டு அவர் தோளில் சாய்ந்தாள்.

"அப்பா, தூக்கம் வருது."

"வேணாம்டா கண்ணு. கொஞ்ச நேரம் எங்கூடப் பேசு. ஏதாவது பேசு."

அவள் பேசவில்லை. தோளில் தலை கனத்தது.