தூசி ஜாடிகளும் ஒரு மணி நேரமும்

லோர்ன்டேல் ஊருக்குள் நுழையும் இடத்தில் சிமெண்டில் செய்த பீட்ரூட் ஒன்று நிற்கிறது. இரண்டு ஆள் உயரம். உலகத்திலேயே பெரியது என்று பலகை சொல்கிறது; மறுத்துப் பேச இதுவரை எந்த ஊரும் வரவில்லை. போன ஜூலையில் என் கணவர் நெஸ்டர் அதன் முன்னால் என்னை நிறுத்திப் படமெடுத்தார். அந்தப் பயணத்தில் அது எட்டாவது படம். அதற்கு முன் ராட்சத வாத்து, ராட்சதக் காபிக் கெண்டி, தொப்பி போட்ட ஓர் அணில்.

படமெடுத்து முடித்ததும், இங்கே தூசி மியூசியம் இருக்கிறது, பார்க்கலாம் என்றார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் வறட்சியில், புழுதிப் புயல் அடித்த ஒவ்வொரு நாளும் ஜன்னல் விளிம்பில் படிந்ததை ஒரு பெண்மணி அள்ளி, தேதி எழுதி ஜாடியில் போட்டு வைத்தாளாம்.

"தூசி பாக்கவா நாப்பது மைல் சரளை ரோட்டுல வந்தோம்? நம்ம வீட்டு ஃப்ரிட்ஜ் மேலயே பாத்திருக்கலாமே," என்றேன்.

அவர் தனியாகப் போனார். நான் காரிலேயே இருந்தேன். வெயிலில் ஒரு மணி நேரம். திரும்பி வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வீடு வரை இருநூறு மைல். எதிரே வந்த வண்டிக்கெல்லாம் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கி வணக்கம் வைத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு எத்தனையோ பேசினோம். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி மட்டும் நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. நவம்பரில், முதல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது வாசலிலேயே போய்விட்டார்.

என்மேல் அவ்வளவு கோபமா என்று குளிர்காலம் முழுக்க யோசித்தேன். தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. இந்த ஜூலையில் அவருடைய தங்கை லெஸ்யாவைக் காரோட்டச் சொல்லி மறுபடி போனேன்.

மியூசியம் பூட்டியிருந்தது. கதவில் ஒரு காகிதம்: 'வெர்னாவைக் கூப்பிடவும்.' கீழே போன் எண். கூப்பிட்டோம். எதிர்வீட்டிலிருந்து, கையெல்லாம் மாவோடு எண்பது வயதுப் பெண்மணி வந்தாள். சாவியை ஒரு மரக்கரண்டியில் கட்டியிருந்தாள்.

"முதல்ல இந்த வருகைப் புத்தகத்துல கையெழுத்து. கார்ல யாராவது தூங்கினா அவங்க பேரையும் போடுங்க. நாய் இருந்தா அதையும்."

"நாயையுமா?" என்றாள் லெஸ்யா.

"ஏன், அதுக்குப் பேர் இல்லையா? வருஷம் இருநூறு பேர் வரலைன்னா மூடிடுவோம்னு டவுன் கவுன்சில் சொல்லிடுச்சு. போன வருஷம் சரியா இருநூறு!"

நான் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன். போன ஜூலைப் பக்கத்தில், வரிக்கோட்டைத் தாண்டி மேலே ஏறும் அவர் எழுத்து. நெஸ்டர் ஹ்ரிச்சுக், கருத்து: 'அருமை.' அதற்கு அடுத்த வரி, அதே எழுத்து. ஸ்டெஃபா ஹ்ரிச்சுக்; கருத்து: 'எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல் இதைவிட நல்லது இருக்கிறது.'

லெஸ்யா வாயைப் பொத்திக்கொண்டாள். "ஸ்டெஃபா, அப்படியே நீ பேசுற மாதிரியே இருக்குடி!"

"நான் உள்ளேயே வரலையே."

வெர்னா கண்ணாடியை ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தாள். "அன்னிக்குக் கார்ல உக்காந்திருந்தவ நீயா?"

"ஆமா. அவர் ஒரு மணி நேரம் இங்க என்னதான் பண்ணார்?"

"மூணாவது ஷெல்ஃப் ஆடிக்கிட்டிருந்துது. கை காலோட ஒரு ஆம்பளை உள்ள வந்தா நான் சும்மா அனுப்புவேனா? ஸ்க்ரூ போட்டுக் குடுத்தார். அப்புறம் கேக் சாப்பிட்டார்."

"கேக்கா?"

"பெர்ரிப் பழக் கேக். பெரிய துண்டு. உனக்கும் ஒண்ணு காகிதத்துல சுத்திக் குடுத்தேனே!"

அந்த வசந்தத்தில்தான் டாக்டர் அவருக்கு இனிப்பையே நிறுத்தியிருந்தார். வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்து வைத்தவள் நான். இந்த வாசலிலிருந்து கார் நின்ற இடம் இருபது அடிகூட இருக்காது. அதற்குள் என் பங்கும் காலி.

"ரெண்டு துண்டு! திருட்டுப் பய!" என்று என் காதருகே முணுமுணுத்தாள் லெஸ்யா. "அதான் வீடு வரைக்கும் வாயைத் திறக்கலையா? திறந்திருந்தா மணம் காட்டிக் குடுத்திருக்கும்."

சிரித்துவிட்டேன். நவம்பருக்குப் பிறகு முதல் தடவை.

"என்ன, கேக் பிடிக்கலையா?" வெர்னாவின் குரலில் கொஞ்சம் வருத்தம்.

"பிடிச்சுது. ரொம்ப."

"இந்தத் தடவை அவர் கார்ல இருக்காரா? கூப்பிடு, இன்னொரு ஷெல்ஃப் இருக்கு."

"கார்ல யாரும் இல்ல," என்றேன். "நவம்பர்ல போயிட்டார்."

வெர்னா கரண்டியை மேஜைமேல் வைத்தாள். கை மாவை ஏப்ரனில் துடைத்தாள். பிறகு ஜாடிகள் இருந்த அறையின் விளக்கைப் போட்டாள்.

அத்தனை தூசியும் ஒரே நிறமில்லை. சாம்பல், செம்மண், ஒரு மே மாதத்து ஜாடியில் ஏறக்குறைய கறுப்பு. ஒவ்வொரு தேதியையும் படித்தேன். மூன்றாவது ஷெல்ஃபை அழுத்திப் பார்த்தேன். ஆடவில்லை.

வெளியே வந்து கையெழுத்துப் போட்டேன். கருத்து: 'போன வருடம் எழுதியது நான் இல்லை. ஃப்ரிட்ஜ் மேல் இருப்பதைவிட இது நல்ல தூசி.'

வெர்னா தோளுக்கு மேலாகப் படித்தாள். "ஏம்மா, கவுன்சில் இதைப் பாத்தா போன வருஷம் நூத்தித் தொண்ணூத்தொன்பதாயிடுமே."

முதல் வாக்கியத்தை அடித்துவிட்டேன்.