தாடைக்கட்டு

கட்டிய துணி மறுபடியும் நழுவியது. டாக்டரின் வாய் மெல்லத் திறந்துகொண்டது.

"இத்தனை சர்ஜன் நிக்கிறீங்க, ஒரு வாயைக் கட்ட ஆளில்லையா?" என்றான் இறந்தவரின் தம்பி.

சர்ஜன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நீங்க போடுங்க சார்." "சேச்சே, நீங்க இருக்கும்போது நானா?" மரியாதை ஒரு சுற்று வந்து முடிவதற்குள் அவர்களுடைய பழைய சீஃப் சர்ஜன் வந்துவிட்டார்.

"தள்ளுங்கப்பா. இவனுக்கு முடிச்சுப் போடக் கத்துக்கொடுத்தவனே நான்தான்."

தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மனைவி சீஃபின் விரல்களையே பார்த்தாள். முதல் சுற்று வலமிருந்து இடம். இரண்டாவதும் வலமிருந்து இடம்.

அந்த ஆபரேஷன் அன்றைக்கும் அப்படித்தானாம். கணவர் அப்போது பயிற்சி டாக்டர். குடலுக்குள் குடல் சொருகிக்கொண்ட கைக்குழந்தை. சீஃபுக்கு ஒரு பாராட்டு விழாவுக்கு நேரமாகிவிட்டது. ரத்தக்குழாயில் இரண்டு சுற்றும் ஒரே பக்கமாகப் போட்டார்.

"சார், அந்த முடிச்சு..."

"நீ வயித்தை விலக்குற கொக்கியைப் பிடி."

விடிவதற்குள் முடிச்சு நழுவி, வயிற்றுக்குள் ரத்தம் கட்டிக் குழந்தை போய்விட்டது. தாயிடம், "குழந்தைக்குத் தெம்பு பத்தலம்மா" என்றார் சீஃப். கணவரிடம், "பரீட்சை வருது. வாயை மூடிக்கிட்டு இரு."

மூடிக்கொண்டார். தேறியும் விட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் நூல் சுற்றாத இடமில்லை. அலமாரிக் கைப்பிடி, நாற்காலிக் கை, எதுவும் அகப்படாவிட்டால் மனைவியின் ஆள்காட்டி விரல். "ஆட்டாதே" என்பார். ஒன்று இந்தப் பக்கம், அடுத்தது அந்தப் பக்கம். சாப்பிடும்போது சட்டென்று கை நிற்கும். "குழந்தை அழற சத்தம் கேட்குதா?"

அந்த வீட்டில் குழந்தையே கிடையாது. சில வருஷங்களில் அவளுக்கும் கேட்க ஆரம்பித்தது.

கட்டி முடித்த சீஃப் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். தொண்டையைச் செருமினார். மைக் இல்லாதது ஒன்றுதான் குறை.

"எத்தனை பிஞ்சு வயித்தைத் திறந்திருக்கோம்! என் அஜாக்கிரதையால போன குழந்தைன்னு ஒண்ணு காட்டுங்க பார்ப்போம். இவனே சாட்சி."

அவர் முதுகுக்குப் பின்னால் துணி தளர்ந்தது. வாய் திறந்தது. எதிரே நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவர் இருமினார்.

"அண்ணி, உங்களுக்குப் போடத் தெரியுமே. அண்ணன் உங்க விரல்லதானே பழகினாரு?"

சீஃப் திரும்பிப் பார்த்தார். சற்றுநேரம் அந்த வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீயாவது கட்டும்மா" என்றார் தாழ்ந்த குரலில். "பார்க்க நல்லா இல்ல."

அவள் ஆள்காட்டி விரலை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"இருக்கட்டும் சார்."

தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். சீஃப் அதைக் கொஞ்சம் தள்ளி, அந்த வாய்க்கு நேர் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். நாற்காலிக் கை முழுக்கக் கறுப்பு நூல் முடிச்சுகள். அவர் விரல் தானாக ஒன்றின்மேல் போய் நின்றது. நகத்தால் நெம்பிப் பார்த்தார். அசையவில்லை. அடுத்ததை நெம்பினார்.