மூன்றரை மணி நேரம் முந்திய நிழல்

பூரணி ஜப்பானிய மொழி படிக்கத் தொடங்கிய மூன்றாவது மாதம், அவளுடைய நிழல் மற்றவர்களின் நிழலைவிட மூன்றரை மணி நேரம் முந்தி விழ ஆரம்பித்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்கு நிற்கும்போது எல்லாப் பெண்களின் நிழலும் தேயிலைச் செடிகளைத் தாண்டி மேற்கே நீண்டு கிடக்கும். இவளுடையது மட்டும் முன்பகல் நிழலாகக் காலடியில் சுருங்கிக் கிடக்கும். உச்சிவேளையில் மற்றவர்களின் நிழல் காலுக்குள் ஒடுங்க, இவளுடையது கிழக்கே நீண்டு பக்கத்து நிரையில் கொழுந்து பறிக்கிறவள் மேல் விழும். மாலையில் நிழலே கிடையாது. பனிமூட்டத்தில் யாருக்கும் நிழல் இல்லாத நாளில்கூட இவளுக்கு இருந்தது. நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் அந்தத் தோட்டத்தில் அந்த மாதம் கோதுமை மா விலை ஏறியது, தொழிற்சாலைக்குப் புது மெஷின் வந்தது, பூரணியின் நிழல் முந்தியது. தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில் இந்த வரிசையில்தான் பேசிக்கொண்டார்கள்.

முப்பத்தைந்து வயதில் அவளுக்கு ஜப்பான் ஆசை வந்ததற்குக் காரணம் படுக்கையில் கிடந்த மாமனார். அவரைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, புரட்டிப் படுக்கவைத்து இரண்டு வருடம் பார்த்தாள். அவர் போன பிறகு ஹட்டனில் ஒரு கடைச் சுவரில், இதே வேலைக்கு ஜப்பானில் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். முதலில் நம்பவில்லை. கிழவர்களைப் பார்க்கச் சம்பளமா, அப்படியானால் பிள்ளைகள் எதற்கு என்று கேட்டாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வகுப்புக்குப் போக ஆரம்பித்தாள். செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கிற மட்டக்கம்பில் பேனாவால் எழுத்துகளை எழுதி வைத்துக்கொண்டு, கை கொழுந்து பறிக்க வாய் பாடம் சொல்லும். பக்கத்து நிரைப் பெண்கள், "பூரணி பேயோட பேசுறா" என்று சிரித்தார்கள். பேய்க்குக்கூட இவ்வளவு மரியாதையாக யாரும் பேச மாட்டார்கள் என்பதுதான் அவர்களுக்கு ஆச்சரியம்.

நிழல் விஷயம் கடைசியாகத் தெரிந்தது அவள் புருஷன் விஜிதரனுக்கு. தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்வார்கள். அவனுக்கு அங்கே அரைக்கிற மெஷினில் வேலை. ஒரு நாள் இரவு வேலை முடிந்து, விடியப்போகிற சாம்பல் வெளிச்சத்தில் வீட்டுக்கு வந்தவன், விளக்கும் இல்லாமல் அடுப்பும் எரியாமல் சுண்ணாம்புச் சுவரில் ஒரு ஆள் உருவம் நிற்பதைக் கண்டான். கையில் கிடைத்த விறகுக் கட்டையோடு உள்ளே பாய்ந்தால் பூரணி மட்டும் உட்கார்ந்து ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தாள். "ஜப்பான்ல இப்ப வெயில் ஏறிருச்சுங்க," என்றாள். அவன் கட்டிலுக்கு அடியிலும் பார்த்தான். யாரும் இல்லை. அதனால் அவன் சந்தேகம் தீரவில்லை, பெரிதானது. ஒளிந்திருக்கிற ஆளை இழுத்து வெளியே போடலாம். ஒளியாத நிழலை என்ன செய்வது?

அடுத்த ஞாயிறு அவளுக்கு முந்திய பஸ்ஸில் போய் ஹட்டனில் காத்திருந்தான். புடவைக் கடைக்கு மேலே வகுப்பு. டிக்கோயாப் பக்கத்துப் பொடியன்கள் சிலர், கொட்டகலையிலிருந்து ஒரு நர்ஸ், மற்றபடி இவளைப் போல அசதியோடு வந்தவர்கள். வாத்தியார் ஜயதிலக்க சேர், நாகோயாவில் காருக்குச் சாயம் அடித்துவிட்டு வந்த, தொந்தி சரிந்த மனிதர். சந்தேகப்பட ஒருவனும் தேறாதது அவனுக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. வகுப்பு விட்டதும் சேரைத் தனியாகப் பிடித்துச் சிங்களத்தில் நிழலைப் பற்றிக் கேட்டான். அவர் ஆச்சரியப்படவில்லை. சிலருக்குக் காய்ச்சல் வரும், சிலருக்கு நிழல் முந்தும், பலருக்கு ஒன்றும் வராது, அவர்கள் பெயிலாவார்கள் என்றார். உங்களுக்கு எப்படி என்று கேட்டான். "நான் ஊருக்கு வந்து சேர்ந்த பிறகும் என் நிழல் வர இரண்டு வருடம் எடுத்தது," என்று சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போனார். அதை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மார்கழியில் நிலைமை முற்றியது. ஜப்பானில் குளிர்காலம், சூரியன் சீக்கிரம் விழுந்துவிடும். நம் நாட்டில் பகல் சாப்பாட்டு நேரத்துக்கே பூரணியின் நிழல் போய்விட்டது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர், பாதி வேலைக்கு அரைப்பேர். கணக்கப்பிள்ளை வீரய்யா சட்டம் தெரிந்தவர். "இந்தா புள்ள, ஒன் நெழலு மத்தியானத்தோட வேலைய முடிச்சிருச்சி. அரைப்பேருதான் போடுவேன்," என்றார்.

"கொழுந்து நான் பறிக்கிறேனா, என் நெழலு பறிக்குதாங்க?" என்று கேட்டாள் பூரணி. விஷயம் தொழிற்சங்கத் தலைவர் வழியாகத் தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போனது. துரை கொழுந்தை நிறுக்கச் சொன்னார்; நிறையில் குறை இல்லை. முழுப்பேர் போடலாம், ஆனால் வெளிநாட்டுக்காரர்கள் மலை பார்க்க வரும் நாளில் மட்டும் அவள் மரத்தடியில் பறிக்க வேண்டும் என்று உத்தரவானது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்றாலும், முழுப்பேர் விழுந்த பிறகு பாதி வாய் மூடிக்கொண்டது.

விஜிதரனால் மட்டும் மூட முடியவில்லை. இது ஆள் இல்லை, நாடு என்று அவனுக்கு இப்போது புரிந்திருந்தது, அதுதான் பயம். ஆளாக இருந்தால் அடித்துப் பார்க்கலாம். போனால் இவள் வர மாட்டாள். தோட்டத்திலிருந்து கொழும்புக் கடைகளுக்குப் போனவர்களே தீபாவளிக்கு வருவதை நிறுத்தியிருந்தார்கள். கடல் தாண்டினவள் எதற்காக இந்தப் பத்தடி லயத்துக்குத் திரும்புவாள்? பிள்ளையும் இல்லை. இழுத்துப் பிடிக்க ஒரு கயிறு இல்லை. அவள் இல்லாத வீட்டில் இருக்க அவனுக்குத் தெரியாது. இதை வாயால் சொல்லியிருந்தால் கதை இவ்வளவு தூரம் வந்திருக்காது. ஆனால் அவன் சாமியிடம் போனான்.

ஸ்டோரில் சக்கரங்களுக்குக் காவலாக ரோதமுனி இருக்கிறார். மெஷின் யார் கையையும் பிடித்துவிடக் கூடாது என்று வருடா வருடம் அவருக்குச் சேவல் அறுப்பார்கள். ஓடுகிற சக்கரத்தை நிறுத்தத் தெரிந்த சாமியிடம் பெண்டாட்டியை நிறுத்தித் தரச் சொல்லிக் கேட்டது அந்தத் தோட்டத்தில் அவன் ஒருவன்தான். சேவலை அறுத்து, சாமியின் காலடியிலிருந்த பழைய இரும்பு ஆணி ஒன்றை எடுத்துவந்தான். ஞாயிறு காலை பூரணி வகுப்புக்குப் போக வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது, கோழிக்கூட்டைச் சரிசெய்கிறவன் மாதிரிக் குனிந்து, அவள் நிழலின் தோளில் ஆணியை அடித்தான். அவள் நடந்து போனாள். நிழல் அங்கேயே கிடந்தது.

அன்றைக்கு ஹட்டன் பஸ் நோர்வூட் பாலத்தடியில் நின்றுபோனது. டிரைவர் இறங்கிப் பார்த்தார், கோளாறு ஒன்றும் இல்லை. பூரணி இறங்கியதும் பஸ் கிளம்பியது. அடுத்த பஸ்ஸும் அப்படியே. இரண்டு மூன்று வாரத்தில் அந்தப் பாதையில் ஓடுகிற கண்டக்டர்கள் எல்லாரும் அவளைக் கண்டால் நிறுத்தாமல் மணியடித்துவிட்டுப் போகப் பழகிக்கொண்டார்கள். நடந்தும் பார்த்தாள், பாலத்தைத் தாண்டக் கால் எழவில்லை. மாசியில் கொழும்பில் பரீட்சை. அவள் வீட்டில் இருந்து போனில் படித்தாள். வாசலில் கிடந்த நிழல் நேரத்துக்கு நேரம் மாறாமல், அடித்த வேளை எதுவோ அப்படியே, மழையில் நனையாமல் கிடந்தது. விஜிதரனின் அம்மா மீனம்மா வாசல் கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டினாள். கோழிகள் வெயிலுக்கு அதில் போய்ப் படுத்தன.

விஜிதரனுக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். மிதித்துவிடக் கூடாதே என்று சுவரோரமாக ஒட்டி ஒட்டி நடந்து அவனுக்குச் சட்டையெல்லாம் சுண்ணாம்பு. பரீட்சைக்கு முந்திய வாரம், பூரணி வாசற்படியில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"ஆணி அடிச்சது நீங்கதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அவன் சுவரோரமாகவே நின்றான். "அப்ப நீயே புடுங்கியிருக்கலாமே?"

"நீங்க அடிச்சது. நீங்கதான் புடுங்கணும்னு காத்துக்கிட்டு இருக்கேன்."

"போனா வருவியா?"

"வருவேன்னு சொன்னா நம்புவீங்களா?"

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் மாதிரிப் பதில் சொல்கிறாளே என்று அவனுக்குக் கோபம் வந்தது. யோசித்துப் பார்த்தால் நம்பியிருக்க மாட்டான்தான். அது தெரிந்ததும் அழுகை வந்தது. மீனம்மா உள்ளே இருந்து பார்த்துவிட்டுப் பார்க்காதது போல் அரிசி களைந்தாள். அவன் குறடு எடுத்துவந்து ஆணியைப் பிடுங்கினான். அவளை நம்பி அல்ல. இந்த வீட்டில் அவள் நிழலைத் தாண்டி நடக்க இனித் தன்னால் முடியாது என்பதற்காக. நிழல் எழுந்து, தூசி தட்டாமல், அவள் காலில் போய் ஒட்டிக்கொண்டது. அந்த வாரமே கண்டக்டர் ஒருவர் அவளுக்கு முன் ஸீட் கொடுத்தார்.

அவள் பாஸானாள். வைகாசியில் விமானம் ஏறினாள். ஷிசுவோக்கா என்கிற ஊரில் முதியோர் இல்லம். அங்கேயும் தேயிலைத் தோட்டம் இருக்கிறது, ஆனால் மெஷின் பறிக்கிறது என்று சொன்னாள். விஜிதரன் வீடியோவில் அவளைப் பார்த்த முதல் நாளே போனைக் கீழே காட்டச் சொன்னான். நிழல் அந்த ஊர் நேரத்துக்குச் சரியாக, அங்கிருக்கிற எல்லாருடைய நிழலையும் போல விழுந்திருந்தது. "இங்க யாரும் ஏன்னு கேக்குறதில்லைங்க. நிம்மதியா இருக்கு," என்றாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அவனுக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அதன் பிறகு தினமும் சாப்பிட்டாயா என்று கேட்பதற்கு முன் காலைக் காட்டு என்பான். ஒரு அங்குலமாவது பிந்தி விழாதா என்று பார்ப்பான். விழவில்லை.

இன்னொரு சந்தேகமும் சேர்ந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் திரும்பி, பக்கத்திலிருக்கிற இல்லத்துக் கிழவியோடு ஜப்பானிய மொழியில் என்னவோ பேசுவாள். இருவரும் அவனைப் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். தன்னைப் பற்றி என்ன சொல்கிறாள்? ஆணி கதையைச் சொல்லிவிட்டாளா? இதைக் கண்டுபிடித்தே தீருவது என்று, மெஷினுக்குப் பெல்ட் வாங்கப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, நாற்பது வயதில் ஹட்டன் பஸ் ஏறினான். ஜயதிலக்க சேர் ஒன்றும் கேட்காமல் கடைசி பெஞ்சைக் காட்டினார். ஒரு வருடத்துக்கு மேல் ஓடியது. மெஷின் சத்தத்தில் அவன் வாய் முணுமுணுப்பது யாருக்கும் கேட்காதது வசதியாகப் போயிற்று. பூரணியிடம் மூச்சு விடவில்லை. வேவு பார்க்கிறவன் சொல்லிவிட்டா பார்ப்பான்?

இந்த மார்கழியில் ஒரு நாள், பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவன் வாசல் வெயிலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். அங்கே இருட்டிவிட்டது. கிழவி பூரணியிடம் கேட்டது அவனுக்கு முழுதாகப் புரிந்தது: உன் புருஷன் ஏன் எப்போதும் உன் காலையே பார்க்கிறார்? பூரணி கிழவியின் போர்வையை இழுத்துவிட்டபடி சொன்னாள்: பாவம், நான் தொலைந்துவிட்டேனா என்று தேடுகிறார். என் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

விஜிதரன் முகத்தைப் பார்த்தான். இரண்டு வருடத்தில் கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவனைப் பார்க்கிற பார்வை மாறவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல வெயிலில் நின்றபடி, கிழவிக்கு ஜப்பானிய மொழியில் மாலை வணக்கம் சொன்னான். கிழவி தலை குனிந்து பதில் வணக்கம் சொன்னாள். பூரணி போனைக் கிட்டே கொண்டுவந்தாள். அவள் குரல் சந்தேகத்தோடு வந்தது.

"காலக் காட்டுங்க."

அவன் போனைக் கீழே திருப்பினான். கோழிகளுக்கு நிழல் இருந்தது, காய்ந்த துணிகளுக்கு இருந்தது, கோழிக்கூட்டுக்கு இருந்தது. அவன் காலடியில் வெறும் மண் வெளுத்துக் கிடந்தது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள். அவள் அழுகிறாள் என்று குரலில் தெரிந்தது. போன மாதத்திலிருந்து என்றான். ஸ்டோரில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வீரய்யா தலையைத் தூக்காமலே முழுப்பேர் போட்டுவிடுகிறார். மீனம்மா முதல் நாள் மட்டும் அவன் காலைப் பார்த்து, "நீயுமாடா," என்றாள். பிறகு பழகிவிட்டது. இப்போதும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "டேய், ஒனக்கு இருட்டிப்போச்சி, வெளியில நிக்காத. வந்து சாப்புடு," என்று கூப்பிட்டாள்.