காரிடாருக்கு ஓர் எடுத்துக்காட்டு வாக்கியம்

1

இந்தக் கதை என் சோம்பேறித்தனத்தில் பிறந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நான் ஓர் ஆங்கில-தமிழ் அகராதியில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு சொல்லுக்கு எடுத்துக்காட்டு வாக்கியம் தருவதென்றால், அது கண்ணால் கண்டதாகவோ காதால் கேட்டதாகவோ இருக்க வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து இட்டுக்கட்டக் கூடாது. வாக்கியம், இடம், தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். பொய்ச் சீட்டை எங்கள் தலைமை ஆசிரியை மோந்து பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பேச்சு. (மிகைதான். ஆனால் யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.)

என் பங்குக்கு வந்த சொற்களில் ஒன்று காரிடார். 'கட்டடத்தினுள் அறைகளின் வாசல்கள் திறக்கும் நீண்ட நடைவழி' என்று பொருள் எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. தாழ்வாரம் என்று போடலாமென்றால், அதற்கு ஒரு பக்கமாவது வானம் தெரிய வேண்டும். நடைபாதை தெருவுக்குச் சொந்தம். 'காரிடார்ல நின்னு பேசாதீங்க' என்று தினமும் கேட்கிறோம். 'நடைவழியில் நின்று பேசாதீர்கள்' என்று ஒருவர் சொன்னால், யாரடா இவர் என்று திரும்பிப் பார்ப்போம். ஆக, பொருள் அரைகுறை. வாக்கியமோ கைவசம் இல்லை.

2

கதைக்கு நான் எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

மருத்துவமனையின் இரண்டாம் மாடி காரிடாரில் காலை வெயில் நீளமாக... (வேண்டாம். அந்த காரிடாரில் வெயிலே வராது. பகலிலும் டியூப் லைட்தான்.)

குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அக்கா தனியாக... (இதை எழுத முடியவில்லை. எத்தனை நேரம் அப்படியே கிடந்தாள் என்று நினைத்ததும் பேனாவை மூடிவிட்டேன்.)

அக்காவுக்கு அறுபத்துநான்கு வயது. (பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.)

அக்காவுக்கு அறுபத்துநான்கு வயது. பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் முப்பது வருடம் இருந்தவள். அத்தான் போனபிறகு மூன்றாம் மாடி வீட்டில் தனியாக இருக்கிறாள். லிஃப்ட் கிடையாது. 'எங்கூட வந்து இருக்கா' என்று நான் கூப்பிடாத நாள் இல்லை. 'என் வீட்ல எனக்கு என்னடா குறை?' என்பாள். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் ஆகி, மூன்று வாரமாகப் படுக்கையில் கிடந்தும் அதே பேச்சுதான். அந்த வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு.

பிசியோதெரபி பார்க்கிற பெண் ஒரு சோதனை வைத்திருந்தாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, ஆள் துணையில்லாமல், அறை வாசலிலிருந்து காரிடாரின் கோடிவரை போய்த் திரும்ப வேண்டும். பன்னிரண்டு கதவுகள். நடந்துவிட்டால் டிஸ்சார்ஜ். புதன்கிழமை காலை பத்து மணிக்கு.

3

இங்கே கதாபாத்திரத்தைப் பற்றிச் சின்ன சந்தேகம். முதல் பிரதியில் அக்காவைச் சாதுவாக எழுதியிருந்தேன். ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்செல்லாம் விட்டாள். என் மனைவி படித்துவிட்டு, "யாரு இது? அண்ணியா? அவங்க எப்ப இப்படி இருந்தாங்க?" என்றாள். பெருமூச்சுகளை அடித்துவிட்டேன்.

திங்கட்கிழமை டாக்டர் வந்தார். "நல்லா இருக்கீங்கம்மா" என்று அக்காவிடம் சிரித்தார். போகிற போக்கில் என்னைக் கண்ணால் கூப்பிட்டார். காரிடாரில், மூன்றாவது கதவுக்குப் பக்கத்தில் நிறுத்திச் சொன்னார்.

"எலும்பு கூடிட்டு வருது. ஆனா நடையில நிதானம் வரல. புதன்கிழமை நடந்தாலும் மூணு மாடி ஏற முடியாது. இனிமே தனியா விடாதீங்க. அந்த வீட்டைக் காலி பண்ணிட்டு உங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க. மெதுவா எடுத்துச் சொல்லுங்க."

பக்கத்திலும் எதிரிலும் இப்படியே மற்ற நோயாளிகளின் வீட்டு ஆட்கள் சுவரோரம் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். அறைக்குள் ஆறுதல், வெளியே உண்மை. காரிடாரின் முழுப் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கியது. (அகராதியில் சேர்க்க முடியாது. இடம் போதாது.)

உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு, "நடந்துட்டா வீட்டுக்குப் போயிடலாம்க்கா" என்றேன். எந்த வீடு என்று சொல்லவில்லை. சொல்லத் துணிச்சல் இல்லை.

4

செவ்வாய்க்கிழமை மாலைக்குள் சீட்டுகளை ஒப்படைக்க வேண்டும். காரிடார் சீட்டு மட்டும் காலியாக இருந்தது. என்ன தோன்றியதோ, இப்படி எழுதினேன்: 'நோயாளி யார் துணையும் இன்றி காரிடாரின் கோடிவரை நடந்து திரும்பினார்.' இடம், மருத்துவமனை. தேதி, புதன்.

சோம்பேறித்தனம் என்று சொன்னது இதைத்தான். ஆசை என்றும் சொல்லலாம். எழுதிவிட்டால் நடந்துவிடும் என்று நினைப்பது எழுத்துப் பிழைப்புக்காரர்களுக்கே உரிய கிறுக்கு.

நான் கொண்டுபோகும் சீட்டுகளைப் படிப்பது அக்காவுக்குப் பொழுதுபோக்கு. அதை மறந்து, சீட்டுகளைக் கட்டில்மேல் வைத்துவிட்டு மாத்திரை வாங்கப் போனேன். முப்பது வருடம் டிக்கெட் கிழித்த கண் எந்தக் காகிதத்திலும் முதலில் தேதியைத்தான் பார்க்கும்.

"டேய், இது நாளைக்குத் தேதிடா."

"எது?"

"இந்தச் சீட்டு. யாரு இந்த நோயாளி?"

"நீதான்க்கா. நாளைக்கு நடக்கத்தானே போற."

"அதுக்கு இன்னிக்கே முன்பதிவா?"

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"கண்டது கேட்டதைத்தானே எழுதணும்? நான் சொல்றேன், எழுதிக்கோ. டாக்டர் தம்பியை காரிடாருக்குக் கூப்பிட்டுப் பேசினார். தம்பி உள்ள வந்து மூஞ்சியைக் கழுவினான். தேதி, நேத்து."

வாங்கி வந்த மாத்திரைப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தேன்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லக்கா. நல்லா இருக்கன்னுதான்..."

"அதை எங்கிட்டயே சொன்னாரே. அதுக்கு உன்னை எதுக்கு வெளிய கூப்பிடணும்?"

"நாளைக்குச் சொல்றேன். நீ நடந்து முடிச்சதும்."

"நடந்து முடிச்சா எங்க போவேன்னு தெரியாம நான் எதுக்குடா நடக்கணும்?"

அக்கா வாக்கரை இழுத்துக் கட்டிலோடு சேர்த்தாள்.

"இங்க சொல்ல வாய் வரலேன்னா வெளிய வா. அங்கதானே எல்லாரும் நிஜத்தைப் பேசுறீங்க. எனக்கும் அங்கயே சொல்லு. அப்புறம் ஒண்ணு. நான் செய்யாததை நான் செஞ்சதா இனிமே எழுதாத."

"எழுத மாட்டேன்க்கா."

5

இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் விஷயத்தைக் கேட்டதும் அக்கா என் தோளில் சாய்ந்து அழுகிறாள். அதை அடித்துவிட்டேன். அவள் அழுதால் என் கண்ணில் படாமல்தான் அழுவாள். இன்னொன்றில் டாக்டர் திரும்பி வந்து, 'பரவாயில்லை, உங்கள் வீட்டுக்கே போகலாம்' என்கிறார். அதை எழுதும்போதே என்மேல் எனக்கு எரிச்சல் வந்தது.

ஆகவே நடப்பதை நடக்கிறபடியே எழுதுகிறேன்.

அக்கா எழுந்து நிற்கிறாள். வாக்கர் ஒரு அடி, அவள் ஒரு அடி. முதல் கதவு. இரண்டாவது கதவு. மூன்றாவது கதவருகில், டாக்டர் என்னை நிறுத்திய அதே இடத்தில், சொல்லிவிடுகிறேன். பூசி மெழுகாமல் சொல்கிறேன். மூன்று மாடி, தனியாக முடியாது, வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

அவள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். வாக்கரைப் பிடித்த விரல்கள் வெளுத்திருக்கின்றன.

"காலி பண்ணியாச்சா?"

"இல்லக்கா. சாவி எங்கிட்டதான் இருக்கு."

"குடு."

கொடுக்கிறேன். நைட்டியின் பையில் போட்டுக்கொள்கிறாள்.

"காலி பண்றதா இருந்தா நான் பண்றேன். என் சாமானை நீங்க யாரும் தொடக் கூடாது. அது வரைக்கும் அது என் வீடு."

"சரிக்கா. திரும்பிப் போலாமா?"

"நீ இங்கயே நில்லு."

நிற்கிறேன். அவள் போகிறாள். நான்கு. ஐந்து. பிசியோதெரபி பெண் எங்கிருந்தோ வந்து என் பக்கத்தில் நிற்கிறாள். சோதனை நாளைக்குத்தான் என்று சொல்லவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. ஆறாவது கதவருகில் வாக்கர் கொஞ்சம் சாய்கிறது. நிமிர்கிறது. ஏழு.

கோடியைத் தொட்டாள் என்று எழுதக் கை துடிக்கிறது. ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கிருந்து அவள் முதுகு மட்டும்தான் தெரிகிறது. முகம் இதைப் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள் அந்தக் கோடியில் நிற்கிறீர்கள். கொஞ்சம் ஒதுங்கி வழி விடுங்கள். கையை நீட்டிவிடாதீர்கள். அவள் கேட்டால் மட்டும்.