அழிக்க முடியாத முப்பத்தாறு

கங்கப்பனின் பொண்டாட்டி மாதேஸ்வரி போட்டோவுக்கு நிற்பதை விட்டு நான்கு வருஷமாகிறது. உதட்டோரம் ஒரு வெள்ளைத் திட்டு வந்தது. மெல்லப் பரவி மோவாய் வரை இறங்கியது. யாருக்கும் ஒட்டாது, உடம்பை ஒன்றும் செய்யாது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். அவள் கேட்டால்தானே! பாகலூர் ரோஜாத் தோட்டத்தில் வேலை செய்யும்போதுகூட முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

வீட்டில் கேமரா உள்ள போன் அவளுடையது மட்டும்தான். கங்கப்பன் வேலை பார்க்கும் ஓசூர் கம்பெனியில் கேமரா போனை கேட்டுக்குள் விடமாட்டார்கள் என்பதால் அவனிடம் பட்டன் போன். அவள் போனில் அவன் ஒரு படம் எடுத்தால், அடுத்த நொடியே பிடுங்கிப் பார்த்து அழித்துவிடுவாள். வீடியோ காலிலும் முகம் காட்டமாட்டாள். ஜெர்மனியில் நர்சாக இருக்கும் மகள் வினோதா வாராவாரம் கெஞ்சினாள். "அம்மா மூஞ்சியே மறந்துடும் போலக்குதுப்பா. ஒரே ஒரு போட்டோ அனுப்பேன்." பெற்ற மகளுக்கு அம்மாவின் முகத்தைக் காட்ட வக்கில்லாமல் போனதே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

கூட வேலை செய்யும் அருள்ஜோசப்புக்குப் பழைய பிலிம் கேமரா என்றால் பைத்தியம். கேண்டீனில் அதைப் பற்றி ஆரம்பித்தால் எதிரில் இருப்பவன் சோறு ஆறிவிடும். "போன்ல ஆயிரம் எடுக்கலாம்ணா, அப்பவே பாக்கலாம், புடிக்கலன்னா அழிக்கலாம். அதுல என்னா இருக்குது? இதுல முப்பத்தாறுதான். எடுத்ததைப் பாக்கவும் முடியாது, அழிக்கவும் முடியாது. பெங்களூர்ல கழுவி வரப் பத்து நாளாவும்."

கங்கப்பன் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். "அழிக்க முடியாதா? ஞாயித்துக்கெழம எனக்குக் குடுப்பா."

ஞாயிற்றுக்கிழமை மாதேஸ்வரி களி கிண்டிக்கொண்டிருந்தபோது ஒரு படம் எடுத்தான். சத்தம் கேட்டதுதான் தாமதம், ஓடி வந்தாள். கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறும் கறுப்பு மூடி.

"இதுல தெரியாது, மாதேசு."

"அப்ப எப்பிடி அழிக்கறது?"

"அழிக்க முடியாது."

"நல்லா வந்து மாட்டுனேன் உங்ககிட்ட!"

திரும்பிப் போய்க் களியைப் பிடித்தாள். களி கிண்ட இரண்டு கையும் வேண்டும். வாயைப் பொத்த மூன்றாவது கைக்கு அவள் எங்கே போவாள்? முதல் பத்துப் படத்துக்குத் திட்டினாள். அப்புறம் திட்டி அலுத்துப்போய், பார்க்கவே முடியாததற்கு எதற்குக் கவலைப்படுவது என்று விட்டுவிட்டாள். முப்பத்தைந்தாவதுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்த கையோடு கேமராவைப் பிடுங்கி, "நீங்க நில்லுங்க" என்று கடைசிப் படத்தை அவளே எடுத்தாள்.

பத்து நாள் கழித்து, ஷிப்ட் முடிந்து வரும்போது அருள்ஜோசப் சொன்னான். "கழுவியாச்சுண்ணா. ஸ்கேன் பண்ணி உங்க வீட்டு நம்பருக்கே அனுப்பிட்டாங்க."

"அடப்பாவி! அது அவ போனு. இந்நேரம் அழிச்சிருப்பா."

"அழிச்சா அழிக்கட்டும்ணா. பிலிம் எங்கிட்ட இருக்குதில்ல?"

பஸ்ஸில் அதை நினைத்துத் தேறப் பார்த்தான். மனசு தேறவில்லை. பிலிம் அருள்ஜோசப்பிடம் இருந்து என்ன? அவ்வளவு நேரம் சிரித்த முகத்தை அவளே ஒவ்வொன்றாக அழித்திருந்தால், அதைவிடப் பெரிய வேதனை அவனுக்கு வேறு இல்லை.

வீட்டில் மாதேஸ்வரி போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். அழுத கண்.

"அழிச்சிட்டியா?"

போனை நீட்டினாள். அவள் எடுத்த படம். கோணலாக, அவன் தலை பாதி வெட்டுப்பட்டு விழுந்திருந்தது. ஆனாலும் அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

"யாரைப் பாத்து இப்பிடிச் சிரிக்கிறீங்க?"

"அங்க வேற யாரு இருந்தா? உன்னைத்தான்."

"அப்ப நான் வாயைப் பொத்தலியே."

"ஆமா. பொத்தல."

அவள் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"இதை வினோதாவுக்கு அனுப்பிட்டேன்" என்றாள். "அதுக்கு முந்தி எடுத்த என் போட்டோவையும் சேத்துத்தான். அப்பா எதைப் பாத்துச் சிரிக்கிறாருன்னு அவளுக்குத் தெரிய வேணாமா?"